என்எஃப்எஸ் கேச்: நெல்லையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டவுன் ரதவீதிப் பக்கத்து அச்சகம், பாளையங்கோட்டைக் கல்லூரி லேப், ஜங்ஷன் பக்கத்து வீடியோ எடிட்டிங் ஸ்டுடியோ, பணகுடிப் பக்கம் காற்றாலைக் கணக்கு பார்க்கும் அலுவலகம். எங்கே ஒரு லினக்ஸ் சர்வரை வைத்து என்எஃப்எஸ் (நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்) முறையில் எல்லா கம்ப்யூட்டருக்கும் ஃபைல்களைப் பொதுவாகப் பகிர்ந்தாலும், கொஞ்ச நாளில் ஒரே புகார்தான் வருகிறது: அங்கே மாற்றியாகிவிட்டது, இங்கே பழையதுதான் தெரிகிறது. இதற்காக சுவிட்சையும் கேபிளையும் மாற்றிப் பணத்தை விட்டவர்கள் உண்டு. குறை பெரும்பாலும் அவற்றில் இல்லை. கம்ப்யூட்டர்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளும் பிரதியில், அதாவது கேச்சில்தான் விஷயம் இருக்கிறது. அந்தக் கேச் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்துவிட்டால் வேலையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம். விண்டோஸ் கலந்த இடங்களுக்குத் தனிக் கேள்வி உண்டு. மற்ற பதில்கள் லினக்ஸ் சர்வர், லினக்ஸ் க்ளையன்ட் (சர்வரின் ஃபைல்களைப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்) இரண்டையும் மனதில் வைத்து எழுதியவை.

“அண்ணாச்சி, நான் சேவ் பண்ணிட்டேம்லா, அடுத்த மெஷின்ல ஏன் பழசே இருக்கு?”

முதலில் ஒன்றைப் பாருங்கள்: அடுத்த மெஷினில் அந்த ஃபைல் ஏற்கெனவே திறந்து கிடக்கிறதா? பத்திரிகை வடிவமைக்கும் மென்பொருளும் சரி, சாதாரண எடிட்டரும் சரி, திறக்கும்போது ஃபைல் முழுவதையும் தன் நினைவகத்துக்கு எடுத்துக்கொள்ளும். அதன்பிறகு நீங்கள் சர்வரில் என்ன மாற்றினாலும் அதற்குத் தெரியாது. இதில் என்எஃப்எஸ்ஸுக்குச் சம்பந்தமே இல்லை. மூடிவிட்டுத் திறந்தால் புதியது வரும்.

ஆனால் இதில்தான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. ஆவணி முகூர்த்த நேரம், மணப்பெண்ணின் தகப்பனார் பெயரில் திருத்தம். ஒருவர் திருத்தி சேவ் செய்கிறார். காலையிலேயே அதே ஃபைலைத் திறந்து வைத்திருந்த இன்னொருவர் மண்டபத்தின் பெயரை மாற்றிவிட்டு சேவ் செய்கிறார். தகப்பனார் பெயர் மறுபடி பழையபடி ஆகிவிடும். அச்சுப் பிளேட்டும் அதன்படியே போய்விடும். எந்த கேச் ஆப்ஷனும் இதைத் தடுக்காது. ஒரு ஃபைலை ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொடலாம் என்ற கட்டுப்பாடு அச்சகத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எண் போட்ட புதுப் பெயரில் சேமிப்பது இன்னும் நல்லது. அப்போது பழையதும் கையில் இருக்கும், எது புதியது என்பதிலும் சந்தேகம் வராது.

ஃபைல் அங்கே திறந்திருக்கவில்லை. அப்படியானால் என்எஃப்எஸ் எதற்குத்தான் உத்தரவாதம் தருகிறது?

ஒரே ஒரு விஷயத்துக்கு. அதை ‘குளோஸ்-டு-ஓப்பன்’ என்பார்கள். ஒரு கம்ப்யூட்டரில் ஃபைலில் எழுதி, அதை மூடி, மூடும் வேலை முழுதாக முடிந்த பிறகு இன்னொரு கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்தால், எழுதியது அங்கே கண்டிப்பாகத் தெரியும்.

எழுதும் கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்தையும் உடனுக்குடன் சர்வருக்கு அனுப்புவதில்லை. தன் நினைவகத்தில் சேர்த்துவைத்து, தன் வசதிப்படி அனுப்பும். மூடும்போது மட்டும் மிச்சம் மீதி எல்லாவற்றையும் அனுப்பி முடித்துவிட்டுத்தான் மூடும். படிக்கும் கம்ப்யூட்டர் ஃபைலைத் திறக்கும்போது, “இது கடைசியாக எப்போது மாறியது, அளவு என்ன?” என்று சர்வரிடம் கேட்கும். தன்னிடம் உள்ள பிரதியோடு அது ஒத்துப்போனால் அந்தப் பிரதியையே கொடுக்கும். ஒத்துப்போகாவிட்டால் பிரதியைத் தூக்கிப்போட்டுவிட்டு சர்வரிலிருந்து மறுபடி படிக்கும்.

இந்த இரண்டு நேரங்களுக்கு நடுவில், அதாவது ஒருவர் எழுதி மூடாமலும் மற்றவர் திறந்து மூடாமலும் இருக்கையில், யார் எதைப் பார்ப்பார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. புதியது தெரியலாம், பழையது தெரியலாம், பாதிப் பக்கம் பழையதும் பாதி புதியதுமாகவும் தெரியலாம்.

ஏன் இவ்வளவு குறைவான உத்தரவாதம் என்று கேட்பவர்களுக்கு: சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980-களின் நடுவில் என்எஃப்எஸ்ஸை உருவாக்கியபோது, சர்வர் யாரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று வேண்டுமென்றே முடிவு செய்தார்கள். எந்த ஃபைலை யார் திறந்திருக்கிறார் என்பதே அதற்குத் தெரியாது. சர்வர் விழுந்து எழுந்தாலும் க்ளையன்ட்கள் எதுவும் நடக்காததுபோல் தொடரலாம் என்பது அதனால் கிடைத்த லாபம். யாரிடம் பிரதி இருக்கிறது என்றே தெரியாத சர்வரால் “உன் பிரதி பழையதாகிவிட்டது” என்று யாருக்கும் சொல்லியனுப்ப முடியாது என்பது நஷ்டம். ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு முழுக்க க்ளையன்ட் தலையில். 1995-ல் ஆர்எஃப்சி 1813 என்ற நெறிமுறை ஆவணமாக வெளிவந்த மூன்றாம் பதிப்பான என்எஃப்எஸ் 3-ம் இந்த அடிப்படையில்தான் ஓடுகிறது.

“எத்தனை நொடிக்குப் பழசு தெரியும்னு சொல்லுங்க.”

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி விலையைக் காலையில் போனில் விசாரித்த கடைக்காரர், மறுபடி விசாரிக்கும்வரை அதே விலையைத்தான் சொல்வார். க்ளையன்டும் சர்வரிடம் கேட்டறிந்த மாறிய நேரம், அளவு, உரிமை ஆகியவற்றைக் கொஞ்ச நேரம் அப்படித்தான் வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் இயல்பாக உள்ள கணக்கு: ஃபைலுக்குக் குறைந்தது 3 நொடி, கூடினால் 60 நொடி; ஃபோல்டருக்குக் குறைந்தது 30 நொடி, கூடினால் 60 நொடி. கேட்கும்போதெல்லாம் ஃபைல் மாறாமலே இருந்தால் இடைவெளி கூடிக்கொண்டே போய் 60-ல் நிற்கும். மாறியிருப்பது தெரிந்தால் மறுபடி 3-க்கு இறங்கும்.

“சில நேரம் உடனே வருது, சில நேரம் ஒரு நிமிஷம் ஆகுது” என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். ரொம்ப நேரமாகச் சும்மா கிடந்த ஃபைலில் மாற்றம் தெரியத்தான் அதிக நேரம் ஆகும்.

எல்எஸ் (ஃபைல் பட்டியல் காட்டும் கட்டளை) போட்டால் பழைய அளவு. கேட் (ஃபைலின் உள்ளடக்கத்தைக் காட்டும் கட்டளை) போட்டால் உள்ளே புதிய விஷயம். இது எப்படி?

கேட் ஃபைலைத் திறக்கிறது. திறந்தால் சர்வரிடம் கேட்டே ஆக வேண்டும். எல்எஸ் ஃபைலைத் திறப்பதில்லை, விவரத்தை மட்டும் கேட்கிறது. அதற்குக் கேச்சில் இருப்பதே போதும். கேட் ஓடி முடிந்தபின் எல்எஸ் போட்டுப் பாருங்கள், அளவும் சரியாகியிருக்கும். ஃபைலின் கடைசி வரிகளைக் காட்டும் டெய்ல் கட்டளையை மைனஸ் எஃப் போட்டு ஓடவிட்டால் பதிவு ஃபைலின் புதிய வரிகள் விட்டு விட்டு வருவதும் இதே கதைதான். அது ஒருமுறை திறந்துவிட்டு, அதன்பின் விவரத்தைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

“ஃபைலைப் போட்டாச்சு, ஆனா பக்கத்து மெஷின் அப்படி ஒண்ணே இல்லங்குது.”

இல்லை என்பதும் கேச் ஆகும். நீங்கள் போடுவதற்கு முன்பே அந்த மெஷின் அதே பெயரைத் தேடிப் பார்த்து, சர்வர் “இல்லை” என்று சொல்லியிருந்தால், ஃபோல்டர் விவரம் காலாவதியாகும்வரை அது அந்த ‘இல்லை’யையே நம்பும். ஃபைல் வந்துவிட்டதா என்று ஒரு ஸ்கிரிப்ட் நொடிக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருக்கும் இடங்களில் இந்தச் சிக்கல் நிச்சயம் வரும். சர்வரின் ஃபோல்டரை க்ளையன்டில் இணைக்கும்போது, அதாவது மவுன்ட் செய்யும்போது, லுக்கப்கேச் ஆப்ஷனுக்குப் பாசிட்டிவ் என்று கொடுத்தால், இருப்பவற்றை மட்டும் நினைவில் வைத்து, இல்லாதவற்றை ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்கும். செலவு குறைவான திருத்தம் என்பதால் இப்படிப்பட்ட இடங்களில் இதையே முதலில் செய்யச் சொல்வேன்.

மவுன்ட் ஆப்ஷனில் நோஏசி போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே?

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் மருந்து இது. இதை முதல் மருந்தாகக் கொடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

நோஏசி இரண்டு வேலை செய்கிறது. விவரங்களைக் கேச்சில் வைப்பதை நிறுத்துகிறது. எழுதுவதையும் உடனுக்குடன் சர்வருக்கு அனுப்ப வைக்கிறது. அதனால் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கும். ஒரே கட்டடத்துக்குள் இருந்தால் இந்தச் சுமை அவ்வளவாகத் தெரியாது. பாளையங்கோட்டைத் தலைமை அலுவலகத்துக்கும் தென்காசிக் கிளைக்கும் நடுவே விபிஎன் வழியாக மவுன்ட் செய்திருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒருமுறை போய்வர 20 மில்லிசெகண்ட் என்றால் 10,000 சின்ன ஃபைல் உள்ள ஃபோல்டரை ஒரு சுற்று பார்க்கவே 200 நொடி.

இவ்வளவு கொடுத்தும் முழு நிம்மதி கிடைக்காது. விவரம் கேட்ட நொடிக்கும் படித்த நொடிக்கும் நடுவில் வேறொருவர் எழுதிவிடலாம். இருவர் ஒரே இடத்தில் எழுதுவதை நோஏசியால் தடுக்க முடியாது. அதற்கு லாக், அதாவது ஒருவர் முடிக்கும்வரை மற்றவரை நிறுத்திவைக்கும் பூட்டு, வேண்டும். காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது மட்டுமே தேவை என்றால், விவரம் கேச்சில் இருக்கும் நேரத்தைச் சொல்லும் ஆக்டைமியோ ஆப்ஷனை 3 அல்லது 5 நொடி என்று அந்த ஒரு மவுன்டுக்கு மட்டும் வைத்தால் போதும்.

சரி, எப்படி எழுதினால் எப்போதும் நம்பலாம்?

மாணவர்களுக்கும் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது. இருக்கும் ஃபைலின் மேலேயே எழுதாதீர்கள். அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். மூடுங்கள். மூடும்போது பிழை வருகிறதா என்று பாருங்கள். டிஸ்க் நிறைந்துவிட்டது, கோட்டா முடிந்துவிட்டது என்பதெல்லாம் என்எஃப்எஸ்ஸில் பலசமயம் மூடும்போதுதான் தெரியவரும். பிழை இல்லை என்றால் ரீநேம் செய்து உண்மையான பெயரைக் கொடுங்கள்.

சர்வரில் ரீநேம் ஒரே அடியில் நடக்கும். படிப்பவர் ஒன்று முழுப் பழையதைத் திறப்பார், இல்லையென்றால் முழுப் புதியதைத் திறப்பார். பாதி எழுதிய ஃபைல் யார் கையிலும் சிக்காது. மேலேயே எழுதினால் அந்தப் பாதி ஃபைல் சிக்கும். எழுதும் கம்ப்யூட்டர் துண்டுகளை வரிசைப்படிதான் அனுப்பும் என்பதில்லை. பின்துண்டு முதலில் போய்ச் சேர்ந்தால், நடுவில் படிப்பவருக்கு முன்பகுதி வெறும் பூஜ்யங்களாகக் கிடைக்கும். பெரிய படங்களில் நடுவே கறுப்புப் பட்டை வந்த பிளேட்டுகளுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே ரிப் மெஷின் (பக்கத்தை பிளேட்டுக்கான படமாக மாற்றுவது) எடுக்கும் ஃபோல்டருக்குள் நேரடியாக எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். பக்கத்தில் இன்னொரு ஃபோல்டரில் முடித்துவிட்டு அங்கிருந்து நகர்த்துங்கள். இரண்டும் சர்வர் பகிர்ந்துகொடுக்கும் ஒரே ஃபோல்டருக்குள் (ஒரே எக்ஸ்போர்ட்டுக்குள்), ஒரே டிஸ்க் பகுதியில் இருக்கட்டும். வேறு பகுதிக்கு ‘மூவ்’ செய்தால் அது உண்மையில் காப்பி.

அந்த ஃபோல்டரைக் கவனிக்கும் புரோகிராம் ஃபைல் வந்ததையே உணரவில்லை.

ஃபோல்டர் மாறினால் சொல்லும் லினக்ஸ் வசதியான ஐநோட்டிஃபை, தன் கம்ப்யூட்டர் வழியாக நடக்கும் மாற்றங்களை மட்டுமே சொல்லும். வேறொரு கம்ப்யூட்டர் சர்வரில் போட்டது அதற்குத் தெரிய வழியில்லை. கவனிக்கும் புரோகிராமை சர்வரிலேயே ஓடவிடுங்கள், அல்லது சில நொடிக்கொரு தரம் ஃபோல்டரைப் படிக்கும் முறைக்கு மாற்றுங்கள்.

நான்கு மெஷின்கள் ஒரே பதிவு ஃபைலில் எழுதுகின்றன. வரிகள் காணாமல் போகின்றன.

போகத்தான் செய்யும். ‘கடைசியில் சேர்’ என்று திறந்தாலும், கடைசி எது என்பதை ஒவ்வொரு க்ளையன்டும் தன் கேச்சில் உள்ள அளவை வைத்துத்தான் கணக்கிடுகிறது. என்எஃப்எஸ் நெறிமுறையில் ‘கடைசியில் சேர்’ என்ற கட்டளையே இல்லை. ‘இந்த இடத்தில் எழுது’ என்பது மட்டும்தான் உண்டு. இரண்டு மெஷின்கள் ஒரே இடத்தைக் கடைசி என்று நினைத்தால் ஒன்றின் வரியை மற்றது அழித்துவிடும். லினக்ஸின் ஓப்பன் கையேட்டுப் பக்கமே இதைப் பற்றி எச்சரிக்கிறது.

ஆனி, ஆடிக் காற்றில் ஒவ்வொரு காற்றாலையிலிருந்தும் அளவீடு வந்துகொண்டே இருக்கும்போது இப்படி ஒரு வரி போனால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மெஷினுக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துவிட்டு, இரவில் சர்வரில் ஒன்றாகச் சேருங்கள். இல்லையென்றால் சிஸ்லாக் (பதிவுகளை நெட்வொர்க் வழியே அனுப்பும் முறை) மூலம் ஒரே இடத்துக்கு அனுப்புங்கள். மின்னஞ்சல் உலகம் இதே சிக்கலை மெயில்டிர் முறையால் தீர்த்துக்கொண்டது: கடிதத்துக்கு ஒரு ஃபைல், யாருக்கும் வராத தனிப் பெயர், எழுதி முடித்தபின் ரீநேம்.

லாக் போட்டால் கேச் சரியாகிவிடுமா?

ஆகும். இதைப் பலர் அறிவதில்லை. எஃப்சிஎன்டிஎல் என்ற சிஸ்டம் அழைப்பு வழியாக லாக் எடுக்கும்போது க்ளையன்ட் தன் பிரதி சரிதானா என்று சர்வரிடம் பார்த்துக்கொள்ளும்; லாக்கை விடும்போது எழுதியதை எல்லாம் அனுப்பிவிடும். எல்லா மெஷின்களும் லாக் எடுத்தே படித்து, லாக் எடுத்தே எழுதினால், என்எஃப்எஸ்ஸில் கிடைக்கக்கூடிய மிக உறுதியான ஒழுங்கு அதுதான். ஒருவர் எடுக்காமல் நுழைந்தாலும் பயன் போய்விடும்.

எஃப்லாக் என்ற இன்னொரு லாக் அழைப்பைப் பயன்படுத்துபவர்கள் கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) எண்ணைப் பார்க்க வேண்டும். 2005-ல் வந்த 2.6.12-க்கு முன்பு அது அந்த ஒரு மெஷினுக்குள் மட்டும் செல்லுபடியானது. அதன்பின் சர்வர்வரை போகிறது. மவுன்ட் ஆப்ஷனில் நோலாக் என்று யாராவது போட்டிருந்தால் என்எஃப்எஸ் 3-ல் லாக் எல்லாம் உள்ளூர் லாக்தான்.

எஸ்க்யூலைட் (ஒரே ஃபைலில் இருக்கும் சின்ன வகை) டேட்டாபேஸை என்எஃப்எஸ்ஸில் வைக்கலாமா?

வேண்டாம். அதன் டபிள்யூஏஎல் (மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும்) முறைக்கு எல்லாப் புரோகிராம்களும் ஒரே கம்ப்யூட்டரின் நினைவகத்தைப் பகிர வேண்டும் என்பதால் நெட்வொர்க் ஃபைல்களில் அது ஓடாது. பழைய முறை முழுக்க லாக்கை நம்பியது. பல மெஷின்களிலிருந்து பில் போட வேண்டும் என்றால் சர்வரில் ஒரு முழு டேட்டாபேஸை ஓடவிட்டு அதனோடு பேசுங்கள்.

“எங்க டிடிபி மெஷின் எல்லாம் விண்டோஸ். ரிப் மட்டும் லினக்ஸ்.”

நெல்லையில் நான் பார்க்கும் அச்சகங்களில் இந்தக் கலப்பு நிறைய உண்டு. ஒரே ஃபோல்டரை விண்டோஸுக்கு சாம்பா (லினக்ஸ் ஃபைல்களை விண்டோஸுக்குப் பகிரும் மென்பொருள்) வழியாகவும் லினக்ஸுக்கு என்எஃப்எஸ் வழியாகவும் கொடுத்திருப்பார்கள். இங்கே இரண்டு விதமான கேச் ஒன்றையொன்று அறியாமல் ஓடுகிறது.

சாம்பா, விண்டோஸ் மெஷினுக்கு ஆப்லாக் என்ற உரிமையைக் கொடுக்கும்: “இந்த ஃபைலை இப்போது நீ மட்டும்தான் வைத்திருக்கிறாய், தாராளமாகக் கேச் செய்.” இன்னொரு விண்டோஸ் மெஷின் வந்தால் உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். ஆனால் என்எஃப்எஸ் வழியாக ஒருவர் நுழைவது இயல்பான அமைப்பில் சாம்பாவுக்குத் தெரியாது. கெர்னல் ஆப்லாக்ஸ் என்ற அமைப்பை இயக்கினால் தெரியும். அதற்கு விலையாக விண்டோஸ் பக்கம் கேச் செய்யும் வசதி குறையும். ரிப் எடுக்கும் ஃபோல்டருக்கு மட்டும் தனிப் பகிர்வு வைத்து அதில் ஆப்லாக்கை அணைத்துவிடுவதே நல்லது. மற்ற ஃபோல்டர்களின் வேகம் கெடாது.

விண்டோஸும் ஃபோல்டர் விவரத்தை 10 நொடி, ஃபைல் விவரத்தை 10 நொடி, ‘இல்லை’ என்ற பதிலை 5 நொடி இயல்பாக வைத்துக்கொள்ளும். எஃப்5 தட்டியும் வரவில்லை என்றால் அந்தப் பத்து நொடியைப் பொறுங்கள்.

புள்ளி என்எஃப்எஸ் என்று தொடங்கும் விசித்திர ஃபைல்களை அழிக்கலாமா? ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்றால் என்ன?

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலை அதே மெஷினில் அழித்தால், க்ளையன்ட் அதை அழிக்காமல் அந்த விசித்திரப் பெயருக்கு மாற்றிவைக்கும். புரோகிராம் மூடியதும் தானே அழித்துவிடும். அழித்தாலும் திரும்ப வருகிறது என்றால் யாரோ இன்னும் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்தப் புரோகிராமைத் தேடி மூடுங்கள். மெஷின் திடீரென்று அணைந்ததால் அநாதையாகக் கிடப்பவற்றை மட்டும் கையால் அழிக்கலாம்.

அழித்தவர் வேறு மெஷினில் இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. என்எஃப்எஸ் 3 சர்வருக்கு நீங்கள் திறந்து வைத்திருப்பது தெரியாது, உண்மையாகவே அழித்துவிடும். அடுத்து நீங்கள் படிக்கப் போனால் ‘ஸ்டேல்’ என்று வரும். ஃபைலை மறுபடி திறப்பதே வழி.

கடிகாரம் தப்பாக இருந்தால் கேச் குழம்புமா?

குழம்பாது. க்ளையன்ட் ஒப்பிடுவது சர்வர் முன்பு சொன்ன நேரத்தையும் இப்போது சொல்லும் நேரத்தையும்தான். தன் கடிகாரத்தோடு அல்ல. லேபில் புரோகிராம்களைத் தொகுக்கும் மேக் கட்டளை ‘கிளாக் ஸ்க்யூ’ என்று எச்சரிப்பது வேறு சிக்கல். அதற்கு எல்லா மெஷினிலும் க்ரோனி போட்டு நேரத்தை ஒன்றாக்கிவிடுங்கள்.

நேரத்தால் வரும் உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. எக்ஸ்ட்3 போன்ற பழைய டிஸ்க் அமைப்புகள் மாறிய நேரத்தை முழு நொடியில்தான் பதியும். ஒரே நொடிக்குள் இரண்டு மாற்றம், அளவும் அதே என்றால் இரண்டாவது மாற்றத்தை க்ளையன்ட் உணராமல் போகும். என்எஃப்எஸ் 4-ல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாறும் தனி எண் ஒன்று இதற்காகவே வந்தது.

என்எஃப்எஸ் 4-க்கு மாறினால் வேறு என்ன கிடைக்கும்?

சர்வருக்கு நினைவு வந்துவிட்டது. யார் எதைத் திறந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறது, லாக்கும் நெறிமுறைக்குள்ளேயே இருக்கிறது. ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் ஃபைலுக்கு டெலிகேஷன் என்ற உரிமையைக் கொடுக்கும். அது இருக்கும்வரை க்ளையன்ட் சர்வரைக் கேட்காமலே கேச்சை நம்பலாம், வேறொருவர் வந்தால் சர்வர் திரும்பக் கேட்கும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஏஎஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு முறை 1980-களிலேயே இப்படி ‘மாறினால் சொல்கிறேன்’ என்று க்ளையன்டுக்குச் சொல்லும் முறையை வைத்திருந்தது.

4.0-ல் சர்வர் தனி இணைப்பில் க்ளையன்டைக் கூப்பிட வேண்டும். நடுவில் ஃபயர்வால் தடுத்தால் டெலிகேஷன் கிடைக்காது. 4.1-ல் அதே இணைப்பிலேயே பேசும். புதிதாக அமைப்பவர்கள் 4.1-க்குக் குறையாமல் வையுங்கள். டெலிகேஷன் இல்லாத நேரத்தில் அடிப்படை உத்தரவாதம் இங்கும் குளோஸ்-டு-ஓப்பன்தான் என்பதை மறக்க வேண்டாம்.

சர்வர் ரீபூட் ஆனதும் ஒன்றரை நிமிடம் எல்லாம் தொங்குகிறதே?

என்எஃப்எஸ் 4-ல் அது இயல்பு. பழைய க்ளையன்ட்கள் தங்கள் லாக்கைத் திரும்பக் கேட்க லினக்ஸ் சர்வர் 90 நொடி அவகாசம் தருகிறது. யாரும் எதையும் பிடுங்கிப் போடாமல் பொறுத்திருங்கள்.

கரண்ட் போய் வந்தால் எழுதியது போய்விடுமா?

சர்வரில் எக்ஸ்போர்ட் செய்யும்போது சிங்க் என்று இருந்தால், க்ளையன்ட் எழுதியதை சர்வர் டிஸ்கில் சேர்த்துவிட்டேன் என்று உறுதி சொல்லும்வரை தன்னிடமும் வைத்திருக்கும். நடுவில் சர்வர் விழுந்து எழுந்தால் அதைக் கண்டுகொண்டு மறுபடி அனுப்பும். ஏசிங்க் என்று இருந்தால், டிஸ்கில் சேரும் முன்பே சர்வர் “சேர்த்தாயிற்று” என்று சொல்லிவிடும். அந்த நொடியில் கரண்ட் போனால் தரவும் போகும், போனது க்ளையன்டுக்குத் தெரியவும் செய்யாது. என்எஃப்எஸ்-யூடில்ஸ் 1.0.0-க்குப் பின் வந்தவற்றில் சிங்க்தான் இயல்பு. வேகத்துக்காக யாராவது மாற்றி வைத்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். சாரல் காலத்தில் மின்சாரம் எப்படிப் போய் வரும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

மவுன்டை சாஃப்ட் என்று வைப்பதும் அதே அளவு ஆபத்து. குறித்த நேரத்துக்குள் சர்வர் பதில் தராவிட்டால் எழுதுவது பிழையோடு கைவிடப்படும். பிழையைக் கவனிக்காத புரோகிராம் ஃபைலைச் சிதைத்துவிடும். எழுதும் இடங்களில் ஹார்ட் மட்டுமே.

உதவி கேட்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

சர்வர், க்ளையன்ட் இரண்டின் கெர்னல் எண். என்எஃப்எஸ்ஸ்டாட் கட்டளையை மைனஸ் எம் போட்டு ஓட்டினால் வரும் மவுன்ட் விவரம் முழுவதும். அமைப்பு ஃபைலில் எழுதியிருப்பது ஒன்று, உண்மையில் அமலில் இருப்பது ஒன்று என்பது அடிக்கடி நடக்கும். சர்வரின் எக்ஸ்போர்ட் வரி. எழுதும் புரோகிராம் எப்போது மூடுகிறது, படிப்பது எப்போது திறக்கிறது என்பது. கடைசியாக, ஒரு நிமிடம் கழித்துத் தானே சரியாகிறதா இல்லையா என்பது. தானே சரியானால் கேச் விவரக் காலாவதிதான். சரியாகாவிட்டால் ஃபைல் திறந்தே கிடக்கிறதா, இருவர் ஒன்றாக எழுதினார்களா, சாம்பா குறுக்கே இருக்கிறதா என்று அந்த வரிசையில் தேடலாம்.